பூமாதேவியின் பொறுமை

தருமபுரியில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு, மறுநாள் பகல் முழுவதும் சும்மா இருக்கும்படி ஆகிவிட்டது. ஊருக்குத் திரும்ப இரவு வண்டியில்தான் இடம் கிடைத்திருந்தது. உள்ளூர் நண்பர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், "அறைக்குள் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள்? வத்தல்மலைக்குப் போய்வரலாம், வாருங்கள்" என்று அழைத்தார். போனோம்.

மலைப்பாதை இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளாகச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. கீழே புளியமரமும் புழுதியும். மேலே சில்வர் ஓக் மரங்களும், அவற்றின் நிழலில் காப்பிச் செடிகளும், இடையிடையே சாமையும் கேழ்வரகும் விளைகிற சரிவுகளும். ஒரே மணி நேரத்தில் வேறொரு தேசத்துக்கு வந்துவிட்டாற்போல் இருந்தது. பெரியூருக்குப் பக்கத்தில் நண்பருக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் வீட்டில் இறங்கினோம். அவர் மாணவன் ஒருவனுடைய வீடு அது. மாணவன் வெளியூரில் வேலையாய் இருந்தான். அவனுடைய பாட்டி மட்டும் அடுப்பங்கரையில் இருந்தாள். அவள் தங்கையின் பேரன், எட்டு ஒன்பது வயதுப் பையன், எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

நண்பர் வாத்தியார் அல்லவா? ஓய்வு பெற்றாலும் பழக்கம் விடுமா? பையனிடம் மலைகள் எப்படி உண்டாகின்றன என்று சொல்ல ஆரம்பித்து, பேச்சு எரிமலைக்குப் போய்விட்டது. பையன் கண்களை அகல விரித்துக்கொண்டு கேட்டான். கடைசியில், "எங்க மலை வெடிக்குமா சார்?" என்றான்.

நண்பர் சிரித்தார். "வெடிக்காது. இது எரிமலை இல்லை" என்றார்.

"ஏன் வெடிக்காது?"

இந்த 'ஏன்'தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பையனுக்கு நண்பர் அப்போது சொன்னதையும், திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சொன்னதையும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். ஆனால் நான் எழுத வந்தது எரிமலையைப் பற்றி மட்டும் அல்ல.

பாட்டி களி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் வேடிக்கை பார்க்க அடுப்புக்கு அருகே நகர்ந்தேன். "தள்ளிக் குந்துங்க சாமி. களி தெறிச்சா கை வெந்துபூடும்" என்றாள். பக்கத்து அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு அவள் அஞ்சவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் குமிழி மேலே வந்து சத்தமில்லாமல் உடைந்து போகிறது. களி அப்படி இல்லை. மேலே அமைதியாய் இருக்கிறது. உள்ளே ஆவி சேர்கிறது. கெட்டியான மாவு அதை வெளியே விடுவதில்லை. கொஞ்ச நேரத்தில் 'பொதக்' என்று ஓரிடம் வீங்கி வெடிக்கிறது; வெந்த மாவு தெறித்துக் கையில் விழுகிறது. ஒட்டிக்கொண்டே சுடுகிறது.

நண்பர் துள்ளி எழுந்து பையனைக் கூப்பிட்டார். "வா, வா! நீ கேட்டாயே, எரிமலை ஏன் வெடிக்கிறது என்று. இதோ பார், உன் பாட்டியின் பானையில் இருக்கிறது பதில்!"

உண்மையில் விஷயம் அவ்வளவுதான். பூமியின் ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாகிறது. அந்தக் குழம்பில் நீராவியும் கரியமில வாயுவும் கரைந்து கிடக்கின்றன. ஆழத்தில் இருக்கும்வரை மேலிருக்கும் பாறைகளின் பாரம் அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. மூடிய கோலி சோடாவில் வாயு இருப்பது கண்ணுக்குத் தெரியாதல்லவா, அதைப் போல. குழம்பு மேலே ஏற ஏறப் பாரம் குறைகிறது. கோலியைத் தட்டினாற்போல, கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பிரிகிறது. இந்தக் குமிழிகள் எளிதாக வெளியேற முடிகிறதா, முடியவில்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குழம்பு நீர்த்ததாக இருந்தால் முடியும். ஹவாய்த் தீவுகளின் எரிமலைகள் அந்த ரகம். மணலில் உள்ள சிலிக்கா என்ற பொருள் அந்தக் குழம்பில் பாதியளவே இருக்கிறது. 1,100, 1,200 டிகிரிச் சூட்டில் அது பாகுபோல் ஓடுகிறது. வாயு பிரிந்து போய்விடுகிறது. குழம்பு ஊற்றாய்ப் பீறிட்டு ஆறாய் வழிகிறது. 2018ஆம் ஆண்டில் அங்கே கிலாவேயா என்ற எரிமலையின் குழம்பு வழிந்து எழுநூறுக்கு மேற்பட்ட வீடுகளை விழுங்கியது. ஆனால் அதில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. வருவது தெரிகிறது, விலகிப் போக நேரம் இருக்கிறது.

அதைவிடச் சற்றுக் கெட்டியான குழம்பு என்றால் ஸ்டிராம்போலி ரகம். தென் இத்தாலியின் கரைக்கு அப்பால் கடலுக்குள் இருக்கும் ஒரு சிறு தீவு அது. சில நிமிஷங்களுக்கு ஒருமுறை, சில வேளை அரைமணிக்கு ஒருமுறை, பெரிய குமிழி ஒன்று வாயில் வந்து உடைகிறது; தீப்பொறிகள் எழுந்து அடங்குகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளாக இப்படியே நடக்கிறதாம். மாலுமிகள் அதைக் கலங்கரை விளக்கம் என்றே அழைத்தார்கள். ஓயாமல் முணுமுணுக்கிற மலை; அதன் அடியில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

அடுத்தது வல்கானோ ரகம். இங்கே குழம்பு வாயிலேயே உறைந்து தக்கையாக அடைத்துக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் சேர்ந்து, தக்கையைத் தூள்தூளாக்கிக்கொண்டு வெடிக்கிறது. அதற்கும் மேலே, சிலிக்கா மிகுந்து, சூடு குறைந்து, பிசினாய் இறுகிய குழம்பு. அதில் வாயு பிரியவே முடியாமல் கடைசிவரை சிக்கிக் கிடக்கிறது. வெடிக்கும்போது குழம்பே நுரையாகிச் சாம்பலாய்ச் சிதறுகிறது. கி.பி. 79இல் வெசூவியஸ் மலை வெடித்து பாம்பேய் நகரத்தை மூடியது அப்படித்தான். அப்போது பதினேழு வயதாயிருந்த பிளைனி என்ற ரோமானிய இளைஞன் தூரத்திலிருந்து பார்த்துப் பின்னாளில் கடிதமாக எழுதிவைத்தான். அவனுடைய மாமா அந்த அழிவில் இறந்துபோனார். இந்த ரக வெடிப்புக்கு இன்றும் பிளைனியின் பெயர்தான். தண்ணீர் போய்ச் சூட்டோடு கலந்து வெடிப்பது இன்னொரு வகை. காய்ந்த எண்ணெயில் நீர் தெளித்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பையனுடைய மலைக்கு வருவோம். இந்த வட்டாரத்து மலைகள் பூமியின் ஆழத்தில், பெருஞ்சூட்டிலும் அழுத்தத்திலும் உருவான பாறைகள். வயது 250 கோடி ஆண்டுகளை ஒட்டியது. மேலிருந்த பாரமெல்லாம் தேய்ந்து கரைந்த பிறகு வெளியே தெரிந்தவை. அடியில் இன்று குழம்பு இல்லை, ஆகவே வெடிக்காது. ஆனால் ஒரு காலத்தில் இந்த நிலத்தின் கீழும் குழம்பு எழுந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் வெட்டியெடுத்து மெருகேற்றி விற்கிறார்களே, அந்தக் கறுப்புக் கல், பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து உறைந்த பழங்குழம்புதான். ஒகேனக்கல்லிலும் சாமல்பட்டியிலும் கார்பனடைட் என்ற அபூர்வமான பாறை இருக்கிறது. சுண்ணாம்பின் இனத்தைச் சேர்ந்த குழம்பு ஆழத்திலிருந்து எழுந்து உறைந்தது அது. அந்தக் குழம்பைக் கக்குகிற உயிருள்ள எரிமலை இன்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், டான்சானியா நாட்டில் இருக்கிறது. நம்முடைய தேசத்தில் உயிருள்ள எரிமலை அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அடங்கியது, ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. 1991இல் திறந்தது. அதற்குப் பிறகு விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறது. 2025 செப்டம்பரிலும் பேசியது.

இதையெல்லாம் நண்பர் சொல்லிக்கொண்டே வந்தபோது எனக்கு என் சித்தியின் ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று வாசகர்களுக்கு இனிமேல் தெரியும்.

என் சித்தியை ஊரில் 'பூமாதேவி' என்பார்கள். பொறுமைக்கு அப்படி ஒரு பெயர். பதினாறு வயதில் சித்தப்பாவின் கையைப் பிடித்து வந்தவள். சித்தப்பா கெட்டவர் அல்லர். குடி இல்லை, சீட்டு இல்லை. ஆனால் அவருக்கு வாய் அடங்காது. காப்பியில் சூடு குறைந்தால் ஒரு கத்தல், வேட்டி மடிப்பு கலைந்திருந்தால் ஒரு கத்தல். கத்தி முடித்த ஐந்தாவது நிமிஷம் சிரிப்பார். "நான் மனசிலே எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன். அப்போதைக்கப்போதே கொட்டிவிடுவேன். அதனால்தான் எனக்கு ரத்த அழுத்தம் இல்லை" என்று பெருமையாகச் சொல்லுவார். சித்தி ஒன்றும் சொல்ல மாட்டாள். முப்பத்திரண்டு வருஷங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் அவளைக் கொண்டாடினோம். குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தாலும் சித்தியின் காலில் விழச் சொல்லி, "இவளைப் போல இரு" என்பார்கள்.

நானும் கொண்டாடினேன். அதோடு நிற்கவில்லை. என் முதல் நாவலில் ஒரு பெண் வருகிறாள். எத்தனை துன்பம் வந்தாலும் புன்னகை மாறாதவள். அவளைப் படித்துவிட்டுக் கண்ணீர் விட்டதாக எனக்குக் கடிதங்கள் வந்தன. அவள் என் சித்திதான்.

ஒருநாள் காலையில், சித்தப்பா வழக்கம் போல ஏதோ சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். அன்று அவர் சொன்னது மற்ற நாட்களில் சொன்னதைவிடக் கடுமையானதுகூட இல்லை. மருமகள் சமையலறைக்குள் வந்து, "உப்பு எங்கே இருக்கிறது அத்தை?" என்று கேட்டாள். சித்தி கையிலிருந்த வெண்கலச் செம்பை வீசினாள். செம்பு அந்தப் பெண்ணின் நெற்றியில் பட்டது. கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது அவளுக்கு. நான்கு தையல் போட்டார்கள். சத்தம் கேட்டுச் சித்தப்பா உள்ளே வந்தார். கையில் பத்திரிகை இருந்தது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதன் பிறகு உறவினர்கள் பேசிய பேச்சை நான் மறக்க முடியாது. "முப்பது வருஷமாய்ச் சம்பாதித்த பேரை ஒரு நிமிஷத்தில் தொலைத்துவிட்டாளே!" என்றார்கள். "உள்ளே இவ்வளவு விஷமா?" என்றார்கள். ஒருவர்கூட, "முப்பது வருஷமாய் இவள் என்னதான் நினைத்துக்கொண்டிருந்தாள்?" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பொறுமை என்பது என்ன? இதுதான் அன்று முதல் எனக்குள் இருக்கிற கேள்வி.

தன்னைத் தோண்டுகிறவர்களையும் தாங்குகிற நிலத்தைப் பொறுமைக்கு உவமை காட்டினார் வள்ளுவர். நம்முடைய மக்கள் அதைப் பற்றிக்கொண்டு, பொறுமைசாலிகளை, அதிலும் பெண்களை, பூமி என்றார்கள். ஆனால் இதே வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தில் யாரை மெச்சுகிறார்? தன் கோபம் பலிக்கக்கூடிய இடத்தில் அதை அடக்குகிறவனைத்தான். பலிக்காத இடத்தில் அடக்குவதை அவர் பெரிதாக எண்ணவில்லை. இதை நாம் வசதியாக மறந்துவிட்டோம். பொறுமை, பதிலடி கொடுக்க முடிந்தவனுடைய அறம். வேறு வழியே இல்லாதவளின் மௌனத்துக்கு அதே பெயரைச் சூட்டினால், அறத்தையும் கெடுக்கிறோம், அவளையும் ஏமாற்றுகிறோம். எங்கள் வீட்டில் பொறுமையைக் கேட்டிருக்க வேண்டியது சித்தப்பாவிடம். அவருடைய கோபம்தான் அந்த வீட்டில் பலித்தது. நாங்கள் கேட்டதோ, கோபித்தால் போக இடமில்லாத ஒருத்தியிடம்.

'அப்படியானால் கோபத்தை அடக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும் என்கிறாயா?' என்று கேட்கலாம். அதையும் நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. சித்தப்பா கொட்டித்தான் தீர்த்தார். ஹவாய் எரிமலை மாதிரி ஆபத்தில்லாத மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு ஆபத்தில்லை, உண்மைதான். அவர் கொட்டியது எங்கே போயிற்று? ஆறாய் ஓடுகிற குழம்பும் ஏதோ ஒரு நிலத்தின் மேல்தானே ஓட வேண்டும்? அது சித்தியின் மேல் ஓடி உறைந்தது. ஒருவர் மனசில் எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு, இன்னொருவர் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட வெளிப்படையான மனிதர்களை எண்ணி நாம் மகிழ்வதற்கு முன், அவர்கள் வீட்டு அடுப்பங்கரையை ஒரு தடவை எட்டிப் பார்ப்பது நல்லது.

'அப்படியென்றால் சித்தி வெடித்தது நியாயம்தானே?' என்று இன்னும் சிலர் கேட்கலாம். இந்தக் காலத்தில் வெடிப்பைப் புகழ்கிற எழுத்தாளர்கள் அதிகம். பொறுமையைப் புகழ்ந்து நான் செய்த தவற்றை, அவர்கள் வெடிப்பைப் புகழ்ந்து செய்கிறார்கள். வெடிப்புக்குக் காரணம் இருக்கலாம்; ஆனால் அதற்குக் கண் இல்லை.

மார்ட்டினீக் என்ற தீவில் பெலே என்று ஒரு மலை. 1902ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலிருந்தே புகைந்தது, சாம்பல் தூவியது. அடிவாரத்து நகரம் சேன் பியேர். பயப்பட ஒன்றுமில்லை என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. மே 11ஆம் தேதி தேர்தலின் இரண்டாம் சுற்று நடக்கவிருந்தது. ஜனங்களுக்குத் தைரியம் ஊட்டுவதற்காக கவர்னரே மனைவியோடு நகரத்துக்கு வந்து தங்கினார். மே 8ஆம் தேதி காலையில் மலை வெடித்தது. நெருப்பும் சாம்பலும் நச்சுக் காற்றும் கலந்த மேகம் ஒன்று சரிவில் உருண்டு வந்து சில நிமிஷங்களில் நகரத்தை அழித்தது. ஏறக்குறைய 28,000 பேர் மாண்டார்கள். கவர்னரும் மனைவியும் அவர்களில் இருவர். நகரத்துக்குள் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்களில் ஒருவன் தடித்த சுவருள்ள சிறையறையில் அடைபட்டிருந்த கைதி. எரிமலை தண்டிக்க வேண்டியவனைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பதில்லை. பக்கத்தில் இருக்கிறவனை எரிக்கிறது.

பக்கத்தில் இருப்பவனோடும் நிற்பதில்லை. 1883 ஆகஸ்டில் ஜாவாக் கடலோரத்தில் கிரகடோவா வெடித்தது. 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் கடல் எழுந்து வந்து அடித்துக்கொண்டு போனவர்கள். அடுத்த மாதம் சென்னைப் பட்டணத்தில் சூரியன் பச்சையாய்த் தெரிந்தது. கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த மிச்சி ஸ்மித் அந்தப் பச்சை ஒளியை ஆராய்ந்து எழுதிவைத்தார். எங்கேயோ ஒரு தீவில் அடைபட்ட ஆவி, ஒரு சம்பந்தமும் இல்லாதவர்களின் சூரியனுக்கும் நிறத்தை மாற்றிவிட்டது.

சித்தி வீசிய செம்பும் மருமகளின் நெற்றியைத்தான் தேடிப் போயிற்று. அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் சித்தி தலை குனிந்தாள். முப்பது வருஷத்து அநியாயத்துக்கு நீதி கிடைக்கவில்லை. புதிதாய் ஓர் அநியாயம் சேர்ந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு சித்தி பேசாமல் இருந்தபோது, அது பொறுமைகூட இல்லை, வெட்கம்.

அடக்கினாலும் கேடு, வழிந்தாலும் கேடு, வெடித்தாலும் கேடு என்றால் மனிதன் என்னதான் செய்வது? வெகுநாள் எனக்கு விடை தெரியவில்லை. ஏனென்றால் நான் கேள்வியையே தப்பாகப் போட்டிருந்தேன். 'அவள் என்ன செய்திருக்க வேண்டும்?' என்று கேட்டேன். 'நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?' என்று கேட்கவில்லை.

1991இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினட்டுபோ என்ற மலை வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் வெடிப்புகளில் ஒன்று. ஐந்நூறு ஆண்டுகளாகத் தூங்கிய மலை. எரிமலை என்றுகூடப் பெரும்பாலோருக்குத் தெரியாது. அதன் சரிவுகளில் ஏட்டா என்ற மலைமக்கள் வாழ்ந்தார்கள். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் மலையில் ஆவி கிளம்புவதைக் கண்டவர்கள் அவர்கள்தாம். அவர்களுடைய சொல்லை ஒரு கன்னியாஸ்திரீ எரிமலை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோனார். 'காட்டுவாசிகள் ஏதோ உளறுகிறார்கள்' என்று யாரும் தள்ளவில்லை. கருவிகள் வைத்தார்கள், இரவும் பகலும் மலையின் மூச்சைக் கேட்டார்கள், பல்லாயிரம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். ஜூன் 15ஆம் தேதி மலை வெடித்தது. அதே நாளில் புயலும் வந்தது. நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்து சில நூறு பேர் இறந்தார்கள். ஆனாலும் ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின. சேன் பியேருக்கும் இதற்கும் வித்தியாசம் மலையில் இல்லை. காது கொடுத்ததில் இருக்கிறது.

இந்தக் கதையில் ஒரு கசப்பும் உண்டு. தப்பித்த ஏட்டா மக்களின் குழந்தைகள் பலர் முகாம்களில் அம்மை போன்ற நோய்களால் இறந்தார்கள். ஆபத்து வருகிற நாளில் கேட்ட காதுகள், அது தீர்ந்த பிறகு மூடிக்கொண்டன போலும். ஒரு தடவை கேட்டுவிட்டால் கடமை முடிந்ததென்று எண்ணுவது நமக்கு எல்லாருக்கும் உள்ள வழக்கம்.

இன்னொரு விஷயம், நான் இதைப் படித்தபோதுதான் பூமியின் பொறுமை என்னவென்று எனக்குப் புரிந்தது. பூமியிலிருந்து வெளிவருகிற குழம்பில் பெரும்பகுதி நாம் பெயர் சொல்லிப் பயப்படுகிற மலைகளில் வருவதில்லை. கடலுக்கு அடியில், ஆயிரக்கணக்கான மைல் நீளத்துக்கு வெடித்துக் கிடக்கும் தரையில், ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கசிந்துகொண்டே இருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை. மேலே இருக்கும் கடல் அதை ஏற்றுக்கொண்டு ஆற்றிவிடுகிறது. அங்கே புதுத் தரை உண்டாகிறது. பூமாதேவி வாய் மூடி இருப்பதால் பொறுமைசாலி அல்லள். தினமும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அதைக் கேட்க ஒரு கடல் இருக்கிறது. நாம் அவள் பெயரை எடுத்துக்கொண்டு, கடலைக் கொடுக்காமல் விட்டுவிட்டோம்.

வத்தல்மலைப் பாட்டியிடம் நான் கேட்டேன்: "களி தெறிக்காமல் இருக்க என்ன செய்வீர்கள்?"

"கிண்டிக்கினே இருக்கோணும். வுட்டா தெறிக்கத்தான் செய்யும்" என்றாள். துடுப்பு பானையின் அடிவரை போய்த் திரும்பியது. அடியில் சேர்ந்த ஆவி துடுப்பு போன வழியில் வெளியேறியது.

"உங்களுக்குக் கோபம் வருமா?" என்று விளையாட்டாய்க் கேட்டேன்.

"வராதா பின்னே? அந்தக் காலத்திலே இந்த மலைக்கு ரோடு கெடையாது. நோவுன்னா தூளி கட்டித் தூக்கிக்கினு எறங்கோணும். பாதி வழியிலே போன உசுரும் உண்டு. ரோடு வேணும்னு எத்தினி தரம் சொன்னோம்! 'மலைக்காரங்க பொறுமையானவங்க'ன்னு கீழே இருக்கிறவங்க எங்களை ரொம்ப நல்லபடியாத்தான் சொல்லுவாங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் கசப்பு இருந்ததா, இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாய் நடந்து ஏறிய மலைக்கு இந்த நூற்றாண்டில்தான் தார்ச்சாலை வந்தது. அதுவரை அவர்களைப் பொறுமைசாலிகள் என்று பாராட்டிய கூட்டத்தில், பேனா பிடித்த என்னைப் போன்றவர்களும் இருந்திருப்போம். பாராட்டு மிகவும் மலிவானது. சாலையைவிட மலிவு. ஒரு வீட்டில், சித்தியின் பக்கத்தில் அரைமணி உட்கார்ந்து, "இன்றைக்கு என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்பதைவிடவும் மலிவு.

சித்தி இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால் நான் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். சித்தப்பா அப்போது இல்லை. மருமகள்தான் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். நெற்றித் தழும்பு மங்கிப்போயிருந்தது. சித்தி என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் புஸ்தகத்தை நான் படித்தேன்" என்றாள். புத்தகம் வந்து இருபது வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அவள் படித்ததாக எனக்குத் தெரியாது.

"அதிலே ஒருத்தி வருகிறாளே, எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவள். அவளை ஒரு வார்த்தை பேச விட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வத்தல்மலையிலிருந்து இறங்கும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. பாட்டி கொடுத்த களியும் கீரைக் கடைசலும் வயிற்றில் கனமாக இருந்தன. பையன் வளைவுவரை ஓடி வந்து கையசைத்தான். அவனுக்கு மலை வெடிக்காது என்று தெரிந்ததில் சற்று ஏமாற்றம்தான். "மலை வெடிக்காது, சரி. உன் பாட்டி என்ன சொல்கிறாள் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இரு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். அவனுக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரியவே இத்தனை வருஷங்கள் ஆயிற்று.